கணினிக்குள் வராத கசப்பு

கோப்பு உள்ளே வந்துவிட்டது என்று கணினி சொன்னது. திரையின் இடது பக்கத்துப் பட்டியலில் கோப்பின் பெயரும் ஏறியிருந்தது. வலது பக்கத்தில், மூலக்கூறு தெரியவேண்டிய பெரிய கறுப்புச் சாளரத்தில், ஒன்றுமே இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மூலக்கூறு எங்கோ தூரத்தில் புள்ளியாக நிற்கக்கூடும் என்று சுட்டியை உருட்டிப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், திருப்பிப் பார்த்தேன். கறுப்பைத் திருப்பினால் கறுப்புத்தான் வரும். பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கிவிட்டுக் கோப்பை மறுபடியும் எடுத்தேன். கோப்பு வந்துவிட்டது என்று கணினி மறுபடியும் சொன்னது.

அது என் ஆய்வு அல்ல, என் தோழியுடையது. வட்டுக்கோட்டையில் ஒன்றாகப் படித்தோம். இப்போது நான் இங்கேயே உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன், அவர் கொடிகாமத்துப் பக்கம் விஞ்ஞான ஆசிரியர். பகுதிநேரமாக முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். பனம்பழத்தின் களி, அதாவது அதன் மஞ்சள் சதை, ஏன் கசக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. அந்தக் கசப்புக்குக் காரணமான பொருள் சற்றுப் பெரியது: உடம்பு நான்கு வளையங்களும் அதற்கு மேலும் கொண்டது, வாலில் சர்க்கரைகள் தொங்கும். நொதி சேர்த்து அந்தச் சர்க்கரைகளைக் கழற்றினால் களியின் கசப்புக் குறைவதை அவர் ஆய்வுகூடத்தில் கண்டிருந்தார். ஏன் குறைகிறது என்பதைக் கணினியில் காட்டவேண்டும் என்று பேராசிரியர் கேட்டிருந்தார். நாக்கில் கசப்பை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது. அதனுடைய குழிக்குள் இந்த மூலக்கூறு எப்படிப் போய் இருக்கும், சர்க்கரை கழன்ற பிறகு எப்படி இருக்கும் என்று கணக்குப் பார்க்கவேண்டும்.

அந்தக் கணக்குச் செய்யும் மென்பொருளை என்னுடைய முதுமாணி ஆய்வின்போது பழகியிருந்தேன். மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன பெரிய கணினியும் என்னிடம் இருந்தது. ஆகவே மூலக்கூறுகளை வரைந்து, எங்கள் பேச்சில் கீறி, கோப்புகளாக அனுப்புவது அவர் வேலை, கணக்குப் போடுவது என் வேலை என்று பேசிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை மீளாய்வுக் குழுவின் முன் அவர் தோன்றவேண்டும். மாமியாரின் நோய், பிறகு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் என்று ஏற்கனவே இரண்டு முறை கால நீடிப்பு வாங்கியாகிவிட்டது. இந்த முறை முடிவு காட்டாவிட்டால் பதிவு இரத்தாகும். இத்தனை வருட உழைப்பும் அதோடு போகும். அன்று திங்கட்கிழமை.

என்னைக் குழப்பியது அந்த ஒரு கோப்பு மட்டும்தான். சர்க்கரை ஒவ்வொன்றாகக் கழன்ற வடிவங்களுக்கும் அவர் கோப்பு அனுப்பியிருந்தார். அவை எல்லாம் ஒரு தொல்லையும் தராமல் வந்து நின்றன. காபன் சாம்பல் நிறம், ஒட்சிசன் சிவப்பு, ஐதரசன் வெள்ளை. சர்க்கரைகள் முழுவதும் உள்ள தாய்ப்பொருள், கசப்பே அதுதான், அது மட்டும் வரவில்லை. எல்லாவற்றையும் அனுப்பியவர் ஒருவர், கீறிய செயலி ஒன்று, கோப்பின் வகையும் ஒன்று. பெரிய மூலக்கூறு என்பதால் மென்பொருள் திணறுகிறது என்று நினைத்து, அதைவிடப் பெரிய வேறொன்றைப் பழைய ஆய்விலிருந்து எடுத்துப் போட்டேன். அது உடனே வந்தது. திணறல் என்ற விளக்கம் அத்தோடு செத்தது.

மென்பொருளை நீக்கித் திரும்ப நிறுவினேன். கோப்பை மேசைத்திரையில் வைத்து எடுத்துப் பார்த்தேன், வேறு அடைவில் வைத்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முயற்சியையும் நாட்குறிப்பில் எழுதி எதிரே கோடிட்டேன். நான் அப்படித்தான். ஒழுங்காகச் செய்தால் எந்தக் குழப்பமும் ஓரிடத்தில் அகப்படும் என்பது என் நம்பிக்கை. அன்று பின்னேரம் வரை அகப்படவில்லை.

கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன பாக்கிறீர்?"

"மூலக்கூறு."

"எங்கை?"

"அதுதான் தெரியேல்லை."

அவர் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். மேலே இருந்த பொத்தானில் 'இறக்குமதி' என்று இருந்ததை வாசித்தார். "இவ்வளவு வருசமும் தடுத்து வைச்சிருந்த வாகன இறக்குமதியே திறந்து விட்டிட்டாங்கள். உம்மடை சாமானை மட்டும் துறைமுகத்தில மறிச்சு வைச்சிருக்கிறாங்கள் போல."

"இஞ்சேருங்கோ, பகிடிக்கு இப்ப நேரமில்லை."

"நான் பகிடி விடேல்லையே. வரி கட்டினனீரோ எண்டு கேக்கிறன்."

அவர் போனதும் தோழிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தாய்க் கோப்பு வெறுமையா வருது," என்றேன்.

"வெறுமையா எண்டால்?"

"ஒண்டும் இல்லை. அணு ஒண்டும் இல்லை."

"உமக்கு விசரே? என்ரை கணினியில வடிவா இருக்கு. இப்பவும் திறந்து வைச்சுக்கொண்டுதான் இருக்கிறன். இந்தா, எல்லாச் சர்க்கரையும் தொங்குது."

எனக்கு மேலும் குழம்பியது. அவருடைய வீட்டில் இருக்கிறது, என் வீட்டில் இல்லை. பிறகு விசாரித்ததில், அவர் பார்த்துக்கொண்டிருந்தது கீறும் செயலி தனக்கென்று சேமித்து வைத்திருந்த படத்தை. எனக்கு அனுப்பியது அதிலிருந்து வெளியே எடுத்த வேறொரு கோப்பை. ஆனால் அந்தக் கோப்பு எப்படிக் கெட்டது என்பதற்கு அதில் விடை இல்லை. மற்றக் கோப்புகளையும் அவர் அப்படித்தானே எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அவரிடம் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "ஒருக்கால் திருப்பிக் கீறிப் பாக்கிறீரோ? எங்கையாவது ஒரு பிணைப்புப் பிழைச்சிருக்கும்."

மறுமுனையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வேறு மாதிரி வந்தது.

"என்ன சொல்லுறீர் காணும்? ஒவ்வொரு சர்க்கரையிலையும் எது மேல நிக்குது எது கீழ நிக்குது எண்டு பாத்துப் பாத்துக் கண் பழுதாப் போச்சு. சனி ஞாயிறு முழுக்க உதிலதான் கிடந்தனான். வீட்டில சமைக்கவும் இல்லை. பிழைச்சிருக்கும் எண்டு நீர் கதிரையில இருந்துகொண்டு சொல்லுறீர்."

"நான் உம்மைக் குறை சொல்லேல்லை."

"குறை சொல்லாமல் பின்னை என்ன? உம்மடை மென்பொருளைப் பாரும். என்ரை கீறலில பிழை இல்லை."

வைத்துவிட்டார். அவருடைய கோபம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பிழை எங்கேயோ இருக்கவேண்டுமே. அவருடைய கீறலிலும் இல்லை, என் மென்பொருளிலும் இல்லை என்றால் நடுவில் எங்கே இருக்க இடமுண்டு?

புதன் காலையில், பேராசிரியர் தன்னிடம் சொன்னதைத் தோழி எனக்கு எடுத்துச் சொன்னார். கோபம் தணிந்திருந்தது, அதைவிட மோசமாக, பயந்திருந்தார்.

"தாய்ப்பொருள் இல்லாட்டி வெள்ளிக்கிழமை வரவே வேண்டாமாம். கசப்பை விட்டிட்டுக் கசப்பைப் பற்றிக் கதைக்கப் போறீங்களோ எண்டு கேட்டவர். நான் என்ன சொல்ல? ஓம் சேர் எண்டிட்டு வைச்சிட்டன்."

"இரும். நான் கோப்பைத் திறந்து வரி வரியாப் பாக்கிறன்."

இந்த வகைக் கோப்பு மனிதர் வாசிக்கக்கூடிய ஒன்றுதான். உள்ளே எழுத்தும் எண்களும் மட்டுமே இருக்கும். முதல் மூன்று வரிகள் தலைப்பு: பெயர், எந்தச் செயலி எழுதியது, பிறகு குறிப்பு எழுத ஒரு வரி. குறிப்பு வரி பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். நாலாவது வரியில் எத்தனை அணு, எத்தனை பிணைப்பு என்ற கணக்கு. அதற்குக் கீழே ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு வரி.

நல்ல கோப்பு ஒன்றையும் வராத கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். பெயர் இருந்தது. செயலியின் வரி இருந்தது. வெற்று வரி இருந்தது. கணக்கு வரி இருந்தது, அணுக்கள் அத்தனையும் இருந்தன. ஒன்றும் குறையவில்லை. திரும்பவும் மேலிருந்து வாசித்தேன். இத்தனை நிறைவான கோப்பை மென்பொருள் ஏன் வெறுமை என்கிறது?

இரண்டையும் அச்சிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து யன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். பரீட்சைத் தாள்களில் பார்த்தெழுதியவர்களைப் பிடிக்க நான் செய்கிற வேலை அது. தலைப்புகள் பொருந்தவில்லை. வராத கோப்பில் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கி நின்றது.

தொலைபேசியை எடுத்தேன். "எனக்கு அனுப்பின அந்தக் கோப்பைத் திறவும். படத்தை இல்லை, எழுத்தா இருக்கிறதை."

"திறந்திட்டன்."

"கணக்கு வரி எத்தனையாவதா இருக்கு?"

அவர் வாய்க்குள் எண்ணினார். "நாலாவது."

"எனக்கு அஞ்சாவது எண்டு காட்டுது."

"எப்பிடி? ஒரே கோப்பு."

"திருப்பி எண்ணும்."

"ஒண்டு பேர். ரெண்டு செயலி. மூண்டு வெறுமை. நாலு கணக்கு. எண்ணவும் தெரியாதெண்டு நினைக்கிறீரோ என்னை?"

என் திரையில் வரிகளுக்கு இலக்கம் இட்டிருந்தது. கணக்கு வரிக்கு நேரே ஐந்து என்றே இருந்தது. நான் கீழேயிருந்து மேலே எண்ணினேன். ஐந்து, நாலு, மூன்று. பெயருக்கு நேரே இரண்டு. இரண்டுக்கு மேலே விரலை நகர்த்தினேன். ஒன்று என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் சின்னதாக, தனியாக, 'உ' என்று இருந்தது.

எத்தனை தடவை அந்தக் கோப்பை வாசித்தேன்! அது மறைந்திருக்கவும் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலேதான் இருந்தது. ஆனால் இருபத்தைந்து வருடங்களாக நான் திருத்துகிற விடைத்தாள்களில் பாதிக்கு மேல் உச்சியில் பிள்ளையார் சுழி இருக்கும். அதற்குப் புள்ளி இல்லை, பிழையும் இல்லை. கண் அதைத் தாண்டி விடைக்குப் போகப் பழகிவிட்டது.

"உதில முதல் வரியை எனக்கு வாசியும்," என்றேன்.

"பேர்தான்."

"அதுக்கு மேல ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"நல்லாப் பாரும்."

"இல்லை எண்டுறன். பிள்ளையார் சுழி மட்டும்தான் இருக்கு."

அதை நாட்குறிப்பில் எழுதினேன்.

"அது ஒரு வரியெண்டு நீர் எண்ணேல்லை," என்றேன் மெதுவாக.

"பிள்ளையார் சுழியை ஆரப்பா வரியெண்டு எண்ணுறது?" என்றார். பிறகு, "ஐயோ!" என்றார்.

கோப்புகள் கலந்து போகாமல் ஒவ்வொன்றின் உச்சியிலும் பெயரை எழுதி அனுப்பும்படி சொல்லியிருந்தவள் நான். அவர் முதற்கோப்பைத் திறந்து, எழுதத் தொடங்கும் எல்லாவற்றுக்கும் செய்வதைப் போல் சுழியைப் போட்டு, ஒரு வரி தள்ளிப் பெயரை எழுதியிருக்கிறார். வேலையின் தொடக்கத்தில் ஒரு தடவை போட்டால் போதும் என்பதால் மற்றக் கோப்புகளுக்குப் போடவில்லை. தாய்ப்பொருள்தான் முதற்கோப்பு. மென்பொருள் நாலாவது வரிக்குப் போய்க் கணக்கைத் தேடியிருக்கிறது. அங்கே இருந்தது வெற்று வரி. வெற்று வரியை அணு இல்லை என்று எடுத்துக்கொண்டு, இல்லாததை முறையாக இறக்குமதி செய்துவிட்டு, வந்துவிட்டது என்று எனக்கும் சொல்லியிருக்கிறது.

"விக்கினம் தீர்க்கிறவரே விக்கினமா வந்து நிண்டிருக்கிறார்," என்று தோழி சிரித்தார். சிரிப்பில் அழுகையும் கொஞ்சம் இருந்தது. "அழிச்சுப் போட்டீரோ?"

"இன்னும் இல்லை."

"ஏன்?"

ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள்; எங்கள் வீட்டில் சுழி போடும் வழக்கம் இல்லை. எதையும் தொடங்கும்முன் சின்னதாக ஒரு செபம், அவ்வளவுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் போகிற எழுத்து. ஆனாலும் வேறொருவர் வைத்ததை எடுக்க என் விரல் தயங்கியது.

"உம்மட்டைக் கேக்காமல் எப்பிடி?" என்றேன்.

"நல்ல வேளை. வேதக்காரி பிள்ளையாரை அழிச்சுப்போட்டா எண்டு ஊரெல்லாம் கதைச்சிருப்பன்." இப்போது முழுச் சிரிப்பு. "அந்த மூண்டாம் வரி சும்மாதானே கிடக்கு?"

"குறிப்பு எழுதிற வரி. தலைப்பு முடியிற இடம்."

"என்னத்தையும் எழுதலாமோ?"

"எழுதலாம். மென்பொருள் அதை வாசிக்காது."

"அப்ப அங்கை இருத்தும். ஆள் கோவிக்கமாட்டார். எங்கடை ஒழுங்கையில, தெரு முடியிற இடத்திலையும் அவர்தான் இருக்கிறார்."

முதல் வரியை எடுத்தேன், வெறுமையாய்க் கிடந்த குறிப்பு வரியில் 'உ' என்று எழுதினேன், சேமித்தேன், இறக்குமதி செய்தேன். கறுப்புச் சாளரம் நிரம்பியது. சர்க்கரைகள் கொத்தாகத் தொங்க, முழு மூலக்கூறும் தட்டையாக வந்து நின்றது. அதை நிமிர்த்தி முப்பரிமாணமாக்கி ஐதரசன்களைச் சேர்த்துக் கணக்குக்கு விட்டேன்.

குழப்பம் அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வியாழன் முற்பகலில் முடிவு வந்தது. இந்த மென்பொருள் தரும் எண் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு நன்றாக மூலக்கூறு குழிக்குள் பொருந்துகிறது என்று கொள்ளவேண்டும். சர்க்கரை முழுவதும் உள்ள தாய்ப்பொருள் மோசமாகப் பொருந்தியது. அதன் வால் குழிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை எல்லாம் கழன்ற வடிவம் கைக்கு உறை போட்டதுபோல் உள்ளே போய் இருந்தது. அதாவது கசக்காத களிதான் அதிகம் கசக்கவேண்டும் என்று கணினி சொன்னது.

ஐதரசன்களைச் சரிபார்த்தேன். அணுக்களின் மின் ஏற்றங்களைச் சரிபார்த்தேன். புரதத்தின் குழி சரியான குழிதானா என்று பார்த்தேன். கணக்கைத் திரும்ப விட்டேன். விடை அப்படியேதான் வந்தது. இந்தத் தடவை ஒரு வரியும் கீழே இறங்கியிருக்கவில்லை.

தோழி பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உது எப்பிடி? நான் ரெண்டையும் நக்கிப் பாத்தனான்."

"எனக்கும் விளங்கேல்லை. ஒண்டில் தாய்ப்பொருள் வேறை குழிக்குப் போகுது. இல்லாட்டிச் சர்க்கரை வால் ஆடிற விதத்தை மென்பொருள் சரியாப் பாக்கேல்லை. இல்லாட்டி வேறை என்னவோ."

"நாளைக்கு இதைக் காட்டினால் என்ன செய்வினம்?"

"தெரியாது."

"காட்டாட்டி?"

காட்டாவிட்டால் என்ன என்பது அவருக்கே தெரியும். சர்க்கரை கழன்ற வடிவத்தை விட்டுவிட்டுத் தாய்ப்பொருளின் படத்தை மட்டும் வைக்கலாம் என்று ஒரு நினைப்பு எனக்கு வந்தது, அவருக்கும் வந்திருக்கும். அவர் சுட்டியைப் பிடித்து இரண்டு படங்களையும் ஒரே பக்கத்தில் இழுத்து வைத்தார்.

"வந்ததைக் காட்டுவம். கசப்பைப் பற்றிக் கதைக்கப் போய்ப் பொய் சொல்லேலாது."

வெள்ளிக்கிழமை நான் பல்கலைக்கழகத்தில் குழு கூடிய அறைக்கு வெளியே, சுவரோரம் போட்டிருந்த நீள வாங்கிலில் இருந்தேன். கதவு தடிப்பானது; உள்ளே கதைப்பது கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும் பலர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் வந்தது. அது நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வெளியே வந்தபோது முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"என்ன?"

"கணக்குத் தலைகீழா இருக்கெண்டிச்சினம். ஓம் எண்டன். ஏன் எண்டு கேட்டிச்சினம். தெரியாதெண்டன். பிறகு அந்த ஓரத்தில இருந்த வயசானவர் கேட்டார், 'பிள்ளை, பனங்களியை நீங்கள் சாப்பிட்டுப் பாத்தனீங்களோ?' எண்டு. 'ஓம் சேர், எங்கடை வளவு மரம்தான், நல்லாக் கசக்கும்' எண்டன். எல்லாரும் சிரிச்சிட்டினம்."

"அதைக் கேக்கேல்லை. பதிவு?"

"பதிவு இருக்கு."

நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை.

"ஆனால் வால் ஆடிறதையும் சேர்த்துக் கணக்கைத் திருப்பிச் செய்யட்டாம். வேறை குழிகளையும் பாக்கட்டாம். அதுக்கெண்டு ஒரு வருசம் தந்திருக்கினம்."

"நல்லதுதானே?"

"நல்லதோ? ஒரு வருசம்! நான் இண்டைக்கோட முடிஞ்சுதெண்டு நினைச்சு வந்தனான். இனியும் ஒரு வருசம் உந்தச் சர்க்கரையளோட மாயவேணும். நிப்பாட்டியிருந்தால் நிம்மதியா வீட்டை போய்ப் படுத்திருப்பன்."

"அப்ப நிப்பாட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

"உமக்கு விசர்," என்றார். கண் நிறைந்திருந்தது; வாய் சிரித்தது. அவர் சந்தோசப்படுகிறாரா கவலைப்படுகிறாரா என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது.

வாசல் பக்கம் நடந்தோம். பக்கங்கள் திறந்த பழைய தட்டிவான் பஸ் ஒன்று பழங்கூடைகளோடு தெருவில் போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஆடும் வாலைக் கணக்கில் சேர்க்க மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

"தெரியாதோ? அப்ப என்ன, இனி ரெண்டு பேரும் தெரியாமல்தான் செய்யவேணும்," என்று சொல்லி என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி முன்னால் நடந்தார்.